பழைய டிராக்டரின் ரேடியேட்டர்: கூலண்ட் மாற்றும் முறை

சேற்றுழவின்போது பழைய டிராக்டர் சூடேறி நின்றால், எஞ்சின் தேய்ந்துவிட்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். பல நேரங்களில் கோளாறு எஞ்சினில் இருப்பதில்லை. ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீரில்தான் இருக்கிறது.

உப்புப் படிவு

கிணற்று நீரிலும் ஆழ்குழாய் நீரிலும் உள்ள சுண்ணாம்பு உப்புகள், வெந்நீர் அண்டாவில் படிவதுபோல, எஞ்சினின் நீர்ப்பாதையிலும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகின்றன. இந்தப் படிவு வெப்பத்தை எளிதில் வெளியே விடாது. துருவும் சேர்ந்தால் குழாய்கள் அடைபடும். குறைந்த நீரை அதே உப்பு நீரால் நிரப்ப நிரப்பப் படிவு தடிக்கும். முடிவில் ஹெட் வளையும், காஸ்கெட் போகும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எஞ்சினைப் பிரித்து வேலை செய்யும் செலவோடு பார்த்தால் கூலண்டின் விலை மிகச் சிறிது.

தண்ணீர் உறையாத ஊரில் கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. அது துருப்பிடிப்பதைத் தடுக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது.

மாற்றும் முறை

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் அழுத்தத்தில் உள்ள கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

அடியில் அகன்ற பாத்திரத்தை வைத்து, ரேடியேட்டரின் கீழ்த் திருகையும் எஞ்சின் பக்கவாட்டிலுள்ள வடிதிருகையும் திறந்து பழைய நீரை முழுவதும் வடிக்க வேண்டும். எஞ்சின் திருகைத் திறக்காவிட்டால் அழுக்கு உள்ளேயே தங்கிவிடும்.

திருகுகளை மூடி, நல்ல தண்ணீர் நிரப்பி, மூடியைப் போட்டு, மேல் ரப்பர் குழாய் சூடாகும் வரை எஞ்சினை மெதுவாக ஓட்டலாம். அப்போதுதான் தெர்மோஸ்டாட் திறந்து, நீர் எல்லா இடமும் சுற்றிவரும். நிறுத்தி, ஆறவிட்டு, வடிக்க வேண்டும். தெளிந்த நீர் வரும்வரை இப்படியே செய்வது நல்லது. படிவு கடினமாக இருந்தால் உதிரிபாகக் கடையில் கிடைக்கும் ரேடியேட்டர் சுத்த மருந்தை, குறிப்பில் உள்ளபடி பயன்படுத்தலாம். அமிலம் ஊற்றக் கூடாது.

வெடித்த, உப்பிய ரப்பர் குழாய்களை இப்போதே மாற்றிவிட வேண்டும். பிறகு கூலண்டையும் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரையும் டப்பாவில் குறித்த அளவில் கலந்து ஊற்ற வேண்டும். பொதுவாகச் சரிபாதி போதும். கலந்தே விற்கப்படும் கூலண்டில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. இரு வகைக் கூலண்டுகளையும் கலக்கக் கூடாது. மெதுவாக ஊற்றி, மூடியைத் திறந்து வைத்தபடி சிறிது நேரம் ஓட்டினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறி மட்டம் இறங்கும். குறைந்ததை நிரப்பி மூடிவிடலாம். மறுநாள் காலையில் மட்டத்தை மீண்டும் பார்க்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

ரேடியேட்டர் நீரில் எண்ணெய் மிதந்தாலோ, எஞ்சின் ஓடும்போது குமிழிகள் தொடர்ந்து வந்தாலோ, காஸ்கெட் போயிருக்கக்கூடும். கழுவினால் இது தீராது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

சூடேறிய எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடும். நிழலில் நிறுத்தி ஆறவிட வேண்டும். கதிரடித்த பிறகு ரேடியேட்டரின் வெளித் தகடுகளில் ஒட்டிய தூசியையும் சண்டையும் அகற்றவும் மறக்கக் கூடாது.

கால்நடைகளுக்கு ஆபத்து

கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடையது. ஆனால் கொடிய நஞ்சு. ஆடு, மாடு, நாய் எதுவும் அதைக் குடித்தால் சிறுநீரகம் கெட்டு இறக்கும். எனவே வடித்த நீரை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ கொட்டாமல், மூடியுள்ள கேனில் அடைத்துப் பட்டறையில் சேர்க்க வேண்டும். மீதியைச் சர்பத், சோடா பாட்டில்களில் ஊற்றி வைத்தால் குழந்தைகள் குடித்துவிடும் அபாயம் உண்டு. கால்நடை குடித்ததாகத் தெரிந்தால் உடனே கால்நடை மருத்துவரிடமும், குழந்தை குடித்துவிட்டால் உடனே மருத்துவமனைக்கும் கொண்டுசெல்ல வேண்டும்.

எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது என்பது டிராக்டர் கையேட்டில் இருக்கும். கையேடு இல்லாதவர்கள் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி, தேதியை மட்கார்டில் எழுதி வைக்கலாம். நடவு உழவு தொடங்கும் முன் செய்துகொண்டால், அவசர நாளில் வண்டி வயலில் நிற்காது.