பெல்ஃபோர்ட் கோட்டையும் டாவோஸின் குடியேறிகளும்

டாவோஸிலிருந்து தென்மேற்கே, அல்வனோய் கிராமத்தைக் கடந்து, பாறையுச்சியில் நிற்கும் பெல்ஃபோர்ட் கோட்டையின் இடிபாடுகளைப் பார்த்து வந்தோம். ஒருகாலத்தில் ஃபாட்ஸ் பிரபுக்களுக்குரிய கோட்டை இது.

உரோமான்ஷ் மொழி வழங்கிய இம்மலைநாட்டிற்கு, மேற்கே வலே பகுதியிலிருந்து ஜெர்மன் பேசும் வால்சர் மக்கள் குடிபெயர்ந்தனர். 1289 இல் அப்பிரபுக் குடும்பம் அவர்களுக்கு டாவோஸ் நிலத்தைப் பரம்பரைக் குத்தகையாக எழுதிக் கொடுத்தது. குத்தகை செலுத்துவதும் போருக்கு ஆள் தருவதும் கடமை. தலைவரைத் தாமே தெரிவு செய்வது உரிமை.

பின்னர் கோட்டை ஆஸ்திரியர் வசமாயிற்று. 1499 இல், சுவாபியப் போரின்போது, கிறவுபுண்டன் மக்கள் அதனைத் தீக்கிரையாக்கினர்.

இன்று அங்கே எஞ்சியிருப்பவை வெறுஞ்சுவர்களே. வால்சர் கொண்டுவந்த மொழியோ டாவோஸில் இன்றும் வாழ்கின்றது. வதிவிட அனுமதிக் கடிதத்திற்காகக் காத்திருக்கும் எம்மவர், பிள்ளைகளுடன் ஒருமுறை சென்று காணவேண்டிய இடமிது.