பரண்: இடத் தேர்வும் உற்பத்தி உறவுகளும்

பரண் என்றவுடன் தமிழ் இலக்கிய மாணவர் மனத்தில் எழுவது தினைப்புனம் காக்கும் தலைவியின் உருவமே. அவள் கிளி கடிந்தாள், தலைவன் வந்தான், களவு பிறந்தது என்பதோடு விளக்கம் பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. அப்பரண் எந்த மரத்தில், எத்திசை நோக்கி, எதன்பொருட்டுக் கட்டப்பட்டது என்ற வினா எழுவதில்லை. ஆயினும் பரண், காதற் களமாவதற்கு முன்னர், ஓர் உழைப்புச் சாதனமாகும். அதன் இட அமைவை ஆராய்வது திணை ஒழுக்கத்தின் பொருளாயத அடித்தளத்தை ஆராய்வதேயாகும்.

ஆலையடிவேம்பின் வயல்களைக் கடந்து சாகாமம், கஞ்சிகுடிச்சாறு ஆகிய பக்கங்களுக்குச் சென்றால் காடும் சேனையும் ஒன்றையொன்று தழுவிக் கிடப்பதைக் காணலாம். அக்கரைப்பற்றுப் பகுதியின் தமிழ் உழவரும் முஸ்லிம் உழவரும் சோளன், குரக்கன், கச்சான் ஆகியவற்றைப் பயிரிட்டு, இரவுகளைப் பரணிலே கழித்து வந்துள்ளனர். பன்றியையும் யானையையும் விரட்டுவதற்கமைந்த காவற்பரண் ஒருவகை; மானையும் மரையையும் எதிர்நோக்கியிருக்கும் வேட்டைப்பரண் பிறிதொருவகை. காவலாளி தன் இருப்பை ஓசையாலும் தீயாலும் அறிவிக்க வேண்டும். வேட்டையாளியோ தன் இருப்பை முற்றாக மறைக்க வேண்டும். வடிவில் ஒன்றாயினும் தொழிலில் இவை முரண்பட்டவை.

வேட்டைப்பரணுக்கு இடந்தேர்தல் சில நியதிகளுக்குட்பட்டது. முதலாவது, காற்று. மான் கண்ணினும் மூக்கையே பெரிதும் நம்பும் விலங்கு. மே முதல் செப்டெம்பர் வரை மேற்குப் பக்கமிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும். அக்காலத்தில் மடுவின் கிழக்குப் புறத்திலே பரண் அமையுமாயின் மனித வாடை மடுவை நோக்கிச் செல்லாது. வாடைக்காற்றுக் காலத்தில் இவ்வமைப்பு மாறும். கடற்கரைக்கு அண்மையில் பிற்பகற் கடற்காற்றும் குறுக்கிடுமாதலால் ஒரு பிடி சாம்பலை உதிர்த்துக் காற்றின் போக்கை அறிந்துகொள்வது பயனுடைத்து.

இரண்டாவது, நீரும் இரையும். கோடையில் சிறு மடுக்கள் வற்ற, எஞ்சிய நீர்நிலைகளை நோக்கி விலங்குகள் திரளும். பாலையும் வீரையும் பழுக்கும் காலத்தில் மான்கள் உதிர்ந்த பழங்களைத் தேடி மரத்தடிக்கு வரும். மரத்தின் மேலுள்ள முசுக்கள் கடித்தெறியும் தழையும் காயும் புள்ளிமானை ஈர்க்கும். ஆயினும் பழுத்த பாலையிலேயே பரண் கட்டுதல் கூடாது. பாலைப்பழத்தைப் பெரிதும் விரும்பும் கரடி அம்மரத்தில் ஏறும். ஆகவே அதற்கு அயலிலுள்ள, கவர்விட்ட உறுதியான வேறொரு மரமே தக்கது. அது யானையின் துதிக்கைக்கு எட்டாத உயரமுடையதாயும் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, வழி. பரணுக்குச் செல்லும் பாதை மானின் தடத்தை வெட்டிச் செல்லலாகாது. காலடியில் எஞ்சும் வாடையே விலங்கைத் திருப்பிவிடும்.

இவ்வறிவு நூல்வழி வந்ததன்று. தலைமுறை தலைமுறையாக உழைப்பினூடே திரண்டது. குறிஞ்சிப்பாட்டு, மரத்தின்மீது அமைந்த, புலியும் அஞ்சும் இதணத்தைக் காட்டுகின்றது. தழல், தட்டை, குளிர் என்னும் கிளிகடி கருவிகளையும் பெயர் சுட்டிக் கூறுகின்றது. அங்கு புனச்செய்கையும் வேட்டையும் ஒரே மக்களின் தொழில்கள். கந்தபுராணத்து வள்ளியோ மானின் வயிற்றிற் பிறந்து, வேட்டுவர் தலைவனிடம் வளர்ந்து, தினைப்புனப் பரணில் அமர்கின்றாள். மான், வேடர், தினை, பரண் ஆகிய நான்கும் ஒரு கதையில் இணைவது தற்செயலன்று. விளைந்த புனமே மானை அழைத்தது. பயிரைக் காத்தவனுக்கு இறைச்சியும் கிடைத்தது. வேட்டையிலிருந்து பயிர்ச்செய்கைக்கு மாறும் சமுதாயத்தின் நினைவு இக்கதையில் உறைந்துள்ளது எனலாம். திணைகளைச் சமனற்ற பொருளாதார வளர்ச்சியின் வெளிப்பாடாகக் கண்டு கா. சிவத்தம்பி 1974இல் எழுதிய கட்டுரை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

இவ்வொருமையைக் குலைத்தது குடியேற்ற ஆட்சியாகும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்து நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவாகக் கொண்டது; சேனை நிலமும் அதற்குத் தப்பவில்லை. பரண் நின்ற மரம் நின்றவாறே நிற்க, அதன் அடியிலிருந்த நிலம் கைமாறிற்று. சாமுவேல் பேக்கர் 1854இல் வெளியிட்ட இலங்கை வேட்டை நூலில், நாய்களை ஏவி மரையைத் துரத்துவது கனவானின் விளையாட்டாகப் போற்றப்படுகின்றது. உணவுக்காக மடுவருகே காத்திருந்தவனோ காலப்போக்கில் சட்டத்தின் முன் குற்றவாளியானான். லெனார்ட் வுல்ஃப் 1913இல் வெளியிட்ட ‘காட்டிலுள்ள கிராமம்’ என்னும் ஆங்கில நாவலின் சிலிந்து ஒரு வேட்டையாளி. சேனை அனுமதி மறுக்கப்பட்டு அழிவை நோக்கித் தள்ளப்படுபவன். அதிகாரியாயிருந்த ஒருவர் எழுதிய அந்நாவல், அதிகாரத்தின் வன்முறையைக் காட்டும் சான்றாக அமைந்துள்ளது.

1937இல் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பெருங்காட்டை வயலாகவும் கரும்புத் தோட்டமாகவும் மாற்றியது. 1954இல் கல்லோயா தேசிய பூங்கா அமைந்தது. 1983 முதல் 2009 வரையான போர்க்காலத்தில் கஞ்சிகுடிச்சாற்றுப் பக்கக் காடுகள் சாதாரண உழவருக்கு ஆபத்தான இடங்களாயின.

இன்று மான் வேட்டை சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது. அத்தடை தேவையானதே. காடு சுருங்கி, இறைச்சி சந்தைப் பண்டமாகி, கட்டுத்துவக்கு இரவு முழுதும் ஆளின்றிக் காத்திருக்கும் நிலையில், பழைய வேட்டையை மீட்கக் கோருவது வெறும் கற்பனாவாதமாகும். எனினும், காட்டை அழித்தது பரணிலிருந்த ஏழை உழவனே என்று கூறுவது வரலாற்றைத் தலைகீழாக நிறுத்துவதாகும். இன்றும் அவன் யானைக்கு அஞ்சிப் பரணில் விழித்திருக்கின்றான். காற்றையும் தடத்தையும் பழமரத்தையும் அவன் அறிந்த அறிவு, காட்டைக் காக்கும் திட்டங்களில் இடம்பெறுதல் வேண்டும். அவ்வறிவைப் பதிவுசெய்வது, குறிஞ்சிப் பாடல்களைப் பயிலும் நம்மவர்க்குரிய கடமையுமாகும்.