அச்சேறும் பாதை – 9: பாதிரியார் அனுப்பிய கடிதம்

1797 நவம்பர் 1. இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் ஸ்டீவன்டன் என்ற சிற்றூரின் பாதிரியார் ஜார்ஜ் ஆஸ்டன், லண்டன் பதிப்பாளர் தாமஸ் காடெல்லுக்கு ஒரு கடிதம் எழுதினார். அவருடைய இளைய மகள் ஜேனுக்கு அப்போது வயது 21. அந்த ஆகஸ்டில்தான் 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்' என்ற நாவலை எழுதி முடித்திருந்தார்.

கடிதம் சில வரிகள்தான். தம்மிடம் ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதி இருக்கிறது, மூன்று பாகங்கள், மிஸ் பர்னியின் 'எவலினா' அளவுக்கு வரும் என்று தொடங்குகிறார் பாதிரியார். இப்படிப்பட்ட நூல் மதிப்புள்ள பெயரோடு முதலில் வெளிவர வேண்டும் என்பதால் உங்களை அணுகுகிறேன் என்கிறார். எழுதியவர் செலவில் அச்சிட்டால் எவ்வளவு ஆகும், படித்துப் பிடித்துப்போய் உரிமையை வாங்கினால் என்ன தருவீர்கள் என்று கேட்கிறார். விருப்பம் தெரிவித்தால் பிரதியை அனுப்புவதாகச் சொல்லி முடிக்கிறார்.

காடெல் அனுப்பச் சொல்லவில்லை. மறு தபாலிலேயே மறுத்துவிட்டார். மறுத்ததைச் சொல்லும் குறிப்பு பாதிரியாரின் கடிதத்திலேயே இருக்கிறது. ஒரு பக்கத்தைக்கூடப் பார்க்காமல் அவர் வேண்டாம் என்ற அந்தக் கதைதான் பின்னாளில் திருத்தி எழுதப்பட்டு 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' ஆனது.

காடெல்லைக் குறை சொல்வது சுலபம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கடிதத்தைப் படித்தால் வேறு மாதிரி தெரியும். நாவலின் பெயர் இல்லை. எழுதியவர் யார் என்பது இல்லை. யாருக்கு என்ன நேர்கிறது என்று ஒரு சொல்கூட இல்லை. ஆளைத் தேர்ந்தெடுத்த விதம் பொருத்தமானது: முந்தைய ஆண்டு ஃபேனி பர்னியின் 'கமில்லா'வை வெளியிட்டவர்களில் காடெல்லும் ஒருவர், அதற்கு முன்கூட்டியே சந்தா கட்டியவர்களின் பட்டியலில் ஜேன் ஆஸ்டனின் பெயரும் அச்சாகியிருக்கிறது. ஆனால் ஒப்பிட எடுத்துக்கொண்டதோ 19 ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் வெளியிட்ட 'எவலினா'. அதுவும் நீளத்தைச் சொல்வதற்காக மட்டும்.

இன்று அமெரிக்காவில் இந்தக் கடிதத்துக்கு 'குவெரி லெட்டர்' என்று பெயர். பிரிட்டனில் 'கவரிங் லெட்டர்'. பெரிய பதிப்பகங்கள் பலவும் நாவல்களை நேரடியாக வாங்கிப் பார்ப்பதில்லை. இலக்கிய முகவர் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், கடிதமும் அவருக்கே எழுதப்படுகிறது. ஒரு பக்கம், ஆங்கிலத்தில் சுமார் 300 சொற்கள். கதை என்ன, எந்த வகை, மொத்தம் எத்தனை சொற்கள், அண்மையில் வந்த எந்த நூல்களை விரும்பியவர்கள் இதையும் விரும்புவார்கள், எழுதியவர் யார் என்பதெல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பிரிட்டிஷ் முகவர்கள் பெரும்பாலும் ஒரு சிறு கதைச்சுருக்கத்தையும் முதல் மூன்று அத்தியாயங்களையும் சேர்த்துக் கேட்பார்கள். முகவரின் பங்கு உள்நாட்டு விற்பனையில் பொதுவாக 15 விழுக்காடு. நூல் விற்ற பிறகே அது அவருக்குச் சேரும். படித்துப் பார்ப்பதற்கே கட்டணம் கேட்பவரிடம் பிரதியைக் கொடுக்கக் கூடாது.

பாதிரியாரின் கடிதத்தில் கதைக்கு ஐந்தாறு வரி ஒதுக்கியிருந்தால்? 'ஃபர்ஸ்ட் இம்ப்ரெஷன்ஸ்' பிரதி இன்று கிடைக்கவில்லை. அச்சில் வந்த நாவலை வைத்து எழுதிப் பார்த்தால் அது இப்படி இருக்கும்:

பென்னட் குடும்பத்தில் ஐந்து பெண்கள், ஆண் வாரிசு இல்லை. அப்பா கண்ணை மூடினால் வீடும் நிலமும் தூரத்து உறவினரான காலின்ஸுக்குப் போய்விடும். அந்தக் காலின்ஸே பெண் கேட்டு வரும்போது, இரண்டாவது மகள் எலிசபெத் முடியாது என்கிறாள். அடுத்துக் கேட்பவர் பெரும் செல்வந்தரான டார்சி. அக்காவின் வாழ்வைக் கெடுத்தவர் என்று அவரையும் விரட்டுகிறாள். மறுநாள் டார்சி அவள் கையில் ஒரு கடிதத்தைக் கொடுக்கிறார்.

இங்கே நிறுத்திவிட வேண்டும். 'கடிதத்தில் என்ன இருந்தது' என்று முகவர் கேட்டால் குவெரி தன் வேலையைச் செய்துவிட்டது. கோடம்பாக்கத்தில் தயாரிப்பாளரிடம் ஒன்லைன் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் புரியும்.

கதைச்சுருக்கத்தின் வேலை வேறு. அதில் எதையும் மறைக்கக் கூடாது. டார்சியின் கடிதம், எலிசபெத் நம்பியிருந்த விக்கம் என்ற இளைஞனின் ஏமாற்றுத்தனத்தை வெளிப்படுத்துகிறது. கடைசித் தங்கை லிடியா அதே விக்கமுடன் ஓடிப்போகிறாள். டார்சி யாருக்கும் தெரியாமல் பணம் கொடுத்து அவர்களுக்கு மணம் முடித்து வைக்கிறார். அதை அறியும் எலிசபெத், அவர் இரண்டாம் முறை கேட்கும்போது சம்மதிக்கிறாள். இவ்வளவும் நிகழ்காலத்தில், படர்க்கையில், அலங்காரமில்லாமல் வர வேண்டும். நடுத் தங்கைகள் மேரி, கிட்டி ஆகியோரின் பெயரே தேவையில்லை. 'முடிவை நாவலில் காண்க' என்று எழுதுவதைப் போன்ற பிழை வேறில்லை. பாதிவரை நன்றாகப் போய்க் கடைசியில் சரிந்துவிடும் நாவல்கள் ஏராளம். இந்தக் கதை கடைசிவரை நிற்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் சுருக்கத்தையே கேட்கிறார்கள்.

கதையை விட்டுவிட்டுக் கருத்தைச் சொல்வது இன்னொரு தவறு. சால்ஸ்பரியில் பள்ளி ஆசிரியராக இருந்த வில்லியம் கோல்டிங் 1953 செப்டம்பரில் ஃபேபர் பதிப்பகத்துக்குத் தம் நாவலை அனுப்பினார். பழகிப்போன ஒரு சூழலுக்கு உருவக விளக்கம் என்று சொல்லலாம் என்பதற்கு மேல், இணைத்த கடிதத்தில் நாவலைப் பற்றி ஒன்றும் இல்லை. தீவில் தனியே சிக்கிய சிறுவர்கள் ஒருவரையொருவர் வேட்டையாடத் தொடங்குவதை அந்தத் தொடரிலிருந்து யாரால் ஊகிக்க முடியும்? பதிப்பகத்தின் வாசிப்பாளர் கடிதத்தின் மேலேயே 'குப்பை' என்று எழுதி ஒதுக்கினார். அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த சார்ல்ஸ் மான்டித், ஒதுக்கிய கட்டிலிருந்து பிரதியை எடுத்துப் படித்துப் போராடியதால் அது 1954இல் 'லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்' என்று வெளிவந்தது. எல்லாப் பிரதிக்கும் ஒரு மான்டித் கிடைக்கமாட்டார்.

சார்லட் பிராண்டேயின் அனுபவம் சிறியது, ஆனால் மறக்க முடியாதது. 'தி புரொஃபசர்' நாவலைப் பதிப்பகம் பதிப்பகமாக அனுப்பியபோது, முன்பு மறுத்தவர்களின் முகவரிகளை அடித்துவிட்டு அதே உறையையே பயன்படுத்தினார். ஸ்மித் எல்டர் நிறுவனமும் அதை ஏற்கவில்லை. என்றாலும் அங்கிருந்த வில்லியம்ஸ், குறை நிறைகளைப் பொறுமையாக அலசி, மூன்று பாக நாவல் எழுதினால் பார்ப்போம் என்று பதில் போட்டார். 1847 ஆகஸ்டில் 'ஜேன் அயர்' அவர்கள் கைக்குப் போனது, அக்டோபரில் புத்தகமாகிவிட்டது. காரணத்தோடு வரும் மறுப்பை எந்த எழுத்தாளரும் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.

அப்படிப்பட்ட பதில் இன்று அரிது. ஸ்டெஃபனி மேயர் 2003இல் 'ட்வைலைட்' நாவலுக்காக முகவர்களுக்கு 15 கடிதங்கள் அனுப்பினார். ஐந்துக்குப் பதிலே இல்லை, ஒன்பது மறுப்பு, ஒன்றே ஒன்று ஏற்பு. அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

ஜேன் ஆஸ்டன் காத்திருந்தது வெகுகாலம். தந்தையின் கடிதத்துக்குப் பிறகு 15 ஆண்டுகள் கழித்து, 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' உரிமையைத் தாமஸ் எகர்ட்டன் என்ற பதிப்பாளர் 110 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டார். ஜேன் எதிர்பார்த்தது 150. புத்தகம் 1813 ஜனவரியில் வெளிவந்தது. ஜார்ஜ் ஆஸ்டன் 1805லேயே இறந்துவிட்டிருந்தார்.

(தொடரும்)