வெந்நீர்த் தொட்டி ஏன் வழிகிறது?

நீலகிரியில் வெந்நீர் இல்லாமல் பொழுது விடியாது. உதகமண்டலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் அங்கே பள்ளமான புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். பழைய பங்களாக்களின் பின்கட்டில் சீகை விறகும் கற்பூர மர விறகும் எரியும் பாய்லர்கள் உண்டு. இப்போது கூரைகளில் சூரிய வெந்நீர்க் கலன்களும் வந்துவிட்டன. எரிபொருள் எதுவானாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. கீழே நீரைச் சூடாக்கும் கலன். கலனின் உச்சியிலிருந்து கிளம்பித் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் மேலே எழுந்து, வாய் திறந்தபடி வளைந்து நிற்கும் ஒரு காற்றுக்குழாய். இங்கிலாந்தில் அறைகளையே வெந்நீர்க் குழாய்களால் சூடாக்கும் பழைய வீடுகளிலும், பரணில் இதே ஏற்பாடுதான்.

இந்தத் தொட்டி வழியத் தொடங்கினால் பிளம்பர் வந்து மிதவை வால்வை மாற்றிவிட்டுப் போவார். பல வீடுகளில் மறுநாளே மீண்டும் வழியும். நோயைக் கண்டறியாமல் மருந்து கொடுத்தால் வேறென்ன நடக்கும்? வால்வைக் கழற்றுவதற்கு முன், நீர் எப்போது வழிகிறது, எங்கிருந்து வழிகிறது என்று பார்க்க வேண்டும். கையால் தொட்டும் பார்க்க வேண்டும்.

அடுப்பு அணைந்திருக்கும்போதும் குளிர்ந்த நீர் வழிகிறதா? தொட்டிக்கு நீர் வரும் குழாயின் வால்வை மூடிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருங்கள். வழிவது நின்றால் மிதவை வால்வுதான் குற்றவாளி. வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது மிதவைப் பந்துக்குள் நீர் புகுந்திருக்கும். நிமிடத்துக்குக் கால் லிட்டர் வழிந்தாலும் ஒரு நாளில் 360 லிட்டர் வீண். கோடையில் குழாய்த் தண்ணீருக்கு நாள் கணக்கில் காத்திருக்கும் குன்னூர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வால்வை மூடிய பிறகும் வழிகிறது என்றால்தான் சுவையான கட்டம். நீர் வேறு வழியாக வருகிறது! மலைச்சரிவில் இது எளிதில் நேரும். 10 மீட்டர் உயர நீர், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகிராம் அழுத்தம் தரும். வீட்டுத் தொட்டி குளியலறைக்கு மேலே மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கும். குளிர்நீரோ சரிவில் முப்பது மீட்டர் மேலே உள்ள வேறொரு தொட்டியிலிருந்து நேராக வரலாம். இரண்டும் சந்திக்கும் இடம் குளியலறையின் மிக்ஸர் குழாய். அதன் இரு திருகுகளையும் திறந்து வைத்துவிட்டு, நுனியில் உள்ள கைப்பிடி ஷவரை மட்டும் மூடினால், வலிய குளிர்நீர் எளிய வெந்நீரை வந்த வழியே பின்னுக்குத் தள்ளும். வழியும் நீர் முதலில் வெதுவெதுப்பாகவும் பிறகு சில்லென்றும் இருக்கும். கலனும் சீக்கிரம் ஆறிவிடும். மிக்ஸருக்குப் போகும் குளிர்நீர் வால்வை மூடிப் பார்த்தால் உண்மை வெளிப்படும். இரண்டுக்கும் ஒரே தொட்டியிலிருந்து நீர் எடுப்பதே சிறந்த பரிகாரம். ஒருவழி வால்வு அடுத்தது. கலனுக்குள் சுருள்குழாய் இருந்தால், அதில் விழுந்த ஊசித் துளையும் இதே வேலையைச் செய்யக்கூடும்.

இனி, அடுப்பு மூட்டியதும் சிறிது வழிந்து, பிறகு தானே நின்றுவிடும் தொட்டி. இங்கே பழுதே இல்லை. நீர் 10 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறும்போது அதன் பருமன் ஏறத்தாழ 1.7 சதவீதம் பெருகும். 200 லிட்டர் கலனில் இது சுமார் மூன்றரை லிட்டர். அந்த நீர் கீழ்க்குழாய் வழியே தொட்டிக்கே திரும்புகிறது. ஆகவே தொட்டால் குளிர்ந்துதான் இருக்கும், ஏமாந்துவிடக் கூடாது. மிதவையைச் சற்றுத் தாழ்த்தி இடம் விட்டால் போதும்.

காற்றுக்குழாயிலிருந்தே வெந்நீர் சொட்டினால் குழாயின் உயரத்தை அளக்க வேண்டும். சுடுநீர் அடர்த்தி குறைந்தது. ஆகவே 5 மீட்டர் குளிர்நீரை ஈடுகட்ட, 80 டிகிரி வெந்நீர் சுமார் 5 மீட்டர் 14 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்க வேண்டும். நீர்மட்டத்துக்கு மேல் 10 சென்டிமீட்டரே எழுந்த குழாய் வழியாமல் என்ன செய்யும்? குழாயை உயர்த்த வேண்டியதுதான். ஆவியோடு குபுகுபுவென்று பீறிட்டால், கலன் கொதிக்கிறது; விறகைக் குறையுங்கள். உதகையில் காற்றழுத்தம் குறைவாதலால், திறந்த பாத்திரத்தில் நீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும்.

சிலர் தொல்லை விட்டதென்று அந்தக் குழாயின் வாயில் மரக்கட்டை அடித்து விடுகிறார்கள். இது உயிரோடு விளையாடுவது. ஆவிக்கும் பெருகும் நீருக்கும் போக்கிடம் அந்த வாய்தான். அதை அடைத்து, கீழ்க்குழாயின் வால்வும் மூடியிருந்தால், நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கலன் பிளந்த நொடியில் அந்த நீரில் ஒரு பகுதி சட்டென ஆவியாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியானால் அதற்கு 1,600 லிட்டருக்கும் மேல் இடம் வேண்டும். சுவரைப் பெயர்க்க இது போதாதா? காற்றுக்குழாயில் வால்வுகூடப் பொருத்தக் கூடாது. வெட்டவெளியில் நிற்கும் குழாய்க்குச் சாக்குச் சுற்றி வைப்பது நல்லது. உறைபனி கொட்டிய காலையில் அதற்குள் நீர் கட்டியாகிக் கிடக்கிறதா என்று பார்த்த பிறகே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்.