மிஞ்சிய காய்க்கு வினிகர் ஊறல்: ஃப்ரிட்ஜில் வைக்கும் எளிய முறை

முள்ளங்கி போட்டவர்களுக்குத் தெரியும். ஒரு வாரம் தாமதித்தால் முத்திப் போகும், நார் விழும், உள்ளே சக்கையாகிவிடும். அதே வாரத்தில்தான் சுற்றுவட்டாரம் முழுக்க முள்ளங்கி வந்து குவியும். பிடுங்குகிற கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாத விலையைச் சொல்வார்கள். நல்ல காயை எப்படியோ இயற்கை அங்காடிக்கும் தெரிந்த வீடுகளுக்கும் கொடுத்துவிடுகிறோம். வளைந்தது, இரண்டு காலாகப் பிளந்தது, விரல் அளவே உள்ளது எல்லாம் வீட்டுக்கு வருகிறது. இரண்டு நாள் சாம்பார், ஒரு நாள் பொரியல். நாலாம் நாள் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள். மீதி மாட்டுக்கு.

மாடு தின்பதில் தப்பில்லை. ஆனால் நஞ்சில்லாமல் பாடுபட்டு விளைவித்த காயை நாம் தின்னாமல், அடுத்த மாதம் கடையில் காசு கொடுத்து ஊறுகாய் பாட்டில் வாங்குகிறோமே, அதுதான் உறுத்துகிறது. வெள்ளரி, கேரட், பீன்ஸ், கொத்தவரை, காலிஃபிளவர், நூக்கல், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

இதற்கு ஒரு சின்ன வழி, வினிகரில் ஊறப்போட்டு ஃப்ரிட்ஜில் வைப்பது. அரை மணி நேர வேலை. மூன்று நாளில் சாப்பிடலாம், ஒரு மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். வேலை சுலபம்தான். ஆனால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு தெரியாமல் கண்மட்டத்துக்குப் போடக் கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நம்ம ஊறுகாய் வேறு, இது வேறு

முதல் தடவை போட்டபோது எங்க அப்பத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் இல்ல, வெயிலு இல்ல, கை நிறைய உப்பும் இல்ல. இது எப்படிடா கெடாம நிக்கும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மாவடுவும் நார்த்தங்காயும் கெடாமல் நிற்பதற்குக் காரணம் உப்பு. அவ்வளவு உப்பில் கெடுக்கும் கிருமிகளில் பெரும்பாலானவை பெருக முடியாது. வெயிலில் காயவைப்பது ஈரத்தை எடுத்துவிடுகிறது. எலுமிச்சை ஊறுகாயில் உப்போடு புளிப்பும் சேருகிறது. இன்னொரு வகை, காயை உப்புத் தண்ணீரில் போட்டு நாள்கணக்கில் நொதிக்க விடுவது. அதில் புளிப்பை நுண்ணுயிரே உண்டாக்கும். அது தனி வித்தை, இன்னொரு தடவை பேசலாம்.

வினிகர் ஊறலில் நொதித்தல் கிடையாது. புளிப்பை நாம் வெளியிலிருந்து ஊற்றுகிறோம். கெடாமல் காப்பது வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம். அதற்குக் காவல் ஃப்ரிட்ஜின் குளிர். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஊறல் நம்பிக்கையானது இல்லை.

உயிருள்ள மண், பாட்டிலுக்குள் ஆகாது

பஞ்சகவ்யா, அமிர்தகரைசல், மட்கிய எரு என்று நாம் மண்ணில் நுண்ணுயிரைப் பெருக்குகிறோம். நிலத்துக்கு அதுதான் பலம். ஆனால் அதே மண் காயோடு ஒட்டிப் பாட்டிலுக்குள் போனால் வேறு கதை ஆகிவிடும்.

கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்று ஒரு பாக்டீரியா. மண்ணில் பரவலாக அதன் வித்து இருக்கும். இரசாயன வயல், இயற்கை வயல் என்று பேதம் கிடையாது. காற்றுப் படாத, ஈரமான, புளிப்புக் குறைந்த இடம் கிடைத்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். மனிதனுக்குத் தெரிந்த மிகக் கொடிய நஞ்சுகளில் அது ஒன்று. சாதாரணமாகக் கொதிக்க வைப்பதால் அந்த வித்து சாகாது. நஞ்சு இருக்கும் பாட்டிலில் வாடையோ ருசி மாற்றமோ தெரியாமலே போகலாம். அதனால் மோந்து பார்த்து முடிவு செய்ய முடியாது.

இதற்குப் பயந்து ஊறலே வேண்டாம் என்று ஒதுங்க வேண்டியதில்லை. புளிப்பு போதுமான அளவு இருந்தால் அது முளைக்காது. பிஎச் 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்கப் பின்பற்றும் எல்லை. மண்ணையும் பாசனத் தண்ணீரையும் பிஎச் பார்க்கிற நமக்கு இது புது வார்த்தை இல்லை. எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். வினிகரின் பிஎச் ஏறக்குறைய 2.5. காயோடு கலந்த பிறகும் எல்லைக்கு நன்றாகக் கீழே நிற்கும்படி ஊற்றிவிட்டால் போதும்.

பூண்டையோ மிளகாயையோ பச்சையாக எண்ணெயில் மட்டும் மூழ்க வைத்து வெளியே வைக்கிறார்களே, அதுதான் ஆபத்து. எண்ணெய் காற்றை மறிக்கும், புளிப்பைத் தராது.

கணக்கு

வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் வினிகரும் தண்ணீரும் சரிபாதி என்று இருக்கும். அவர்கள் சொல்வது 5 சதவீத அமிலம் உள்ள வினிகர். நம்ம ஊர்க் கடைகளில் 4 சதவீத வினிகரும் நிறைய விற்கிறது. அதில் சரிபாதி தண்ணீர் விட்டால் புளிப்பு குறைந்துபோகும். அதனால் லேபிளைப் படியுங்கள்.

5 சதவீதம் என்றால் ஒரு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர்.
4 சதவீதம் என்றால் இரண்டு பங்கு வினிகருக்கு ஒரு பங்கு தண்ணீர்.
எத்தனை சதவீதம் என்று போடாத வினிகரை இதற்கு எடுக்க வேண்டாம்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். முள்ளங்கியிலும் வெள்ளரியிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். அரைக் கிலோ காய் போட்டால் ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீரும் சேர்ந்தே பாட்டிலுக்குள் போகிறது. அமிலம் காய்க்குள் இறங்க, காயின் நீர் வெளியே வர, மொத்தப் புளிப்பும் பாதிக்கு இறங்கும். ஆகவே காயைத் திணித்துவிட்டு, மிஞ்சிய சந்தில் வினிகர் ஊற்றுவது தவறு. அரைக் கிலோ காய்க்குக் குறைந்தது 600 மில்லி கரைசல் வேண்டும்.

எந்த வினிகர்?

மலிவாகக் கிடைக்கும் வெள்ளை வினிகரில் பெரும்பகுதி செயற்கை வினிகர். அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து செய்வது. லேபிளிலேயே அப்படிப் போட்டிருக்கும். ஊறல் கெடாமல் இருக்க அதுவும் போதும். ஆனால் நஞ்சில்லாக் காயை எதில் ஊறப்போடுகிறோம் என்று யோசிப்பவர்கள், நொதிக்க வைத்துச் செய்த கரும்பு, தேங்காய், ஆப்பிள் வினிகரை வாங்கலாம். விலை கூடுதல், ருசியும் நன்றாக இருக்கும். சதவீதம் மட்டும் பார்த்து வாங்குங்கள்.

நம்மில் சிலர் வீட்டிலேயே பழக்காடி செய்கிறோம். அதைச் சாலட்டில் ஊற்றலாம், தண்ணீரில் கலந்து குடிக்கலாம். ஊறலுக்கு மட்டும் வேண்டாம். நாக்குக்கு எவ்வளவு புளித்தாலும் அதில் அமிலம் எத்தனை சதவீதம் என்று நமக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவையும் மாறும்.

தேவையானவை

ஒரு லிட்டருக்குச் சற்றே பெரிய கண்ணாடி பாட்டில் ஒன்று, அல்லது அரை லிட்டர் பாட்டில் மூன்று
காய் – 500 கிராம்
4 சதவீத வினிகர் – 400 மில்லி
தண்ணீர் – 200 மில்லி
கல் உப்பு – 15 கிராம், மேசைக்கரண்டியில் ஒன்று
நாட்டுச் சர்க்கரை – ஒரு மேசைக்கரண்டி, விருப்பம் இருந்தால்
கடுகு, மிளகு, கொத்தமல்லி விதை – தலா ஒரு தேக்கரண்டி
பூண்டு நாலு பல், கீறிய பச்சை மிளகாய் இரண்டு

தூள் உப்பு போட்டால் கரைசல் சில நேரம் கலங்கும். கெடுதல் இல்லை, பார்வைக்குத்தான் மங்கல். நாட்டுச் சர்க்கரை போட்டால் நிறம் பழுப்பாகும். உப்பும் சர்க்கரையும் இங்கே ருசிக்குத்தான். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். வினிகரை மட்டும் குறைக்கவே கூடாது.

செய்முறை

அன்றைக்குப் பறித்த காய் நல்லது. வாடிய காய் ஊறினாலும் மொறுமொறுப்பு வராது. அடிபட்டது, அழுகல் தொட்டது எதுவும் வேண்டாம். கோணல் காய் பரவாயில்லை.

ஓடும் தண்ணீரில் மூன்று நாலு தடவை தேய்த்துக் கழுவுங்கள். முள்ளங்கி, கேரட், பீட்ரூட்டுக்குத் தலைப்பக்கம் வெட்டி, தோல் சீவி, மறுபடி கழுவுங்கள். மண் தங்குவது அந்தக் கழுத்துப் பகுதியில்தான்.

வெள்ளரிக்குப் பூ இருந்த முனையை மெல்லிசாகச் சீவி எறியுங்கள். காயைக் கொழகொழப்பாக்கும் நொதிகள் அங்கேதான் இருக்கின்றன.

மெல்லிய வில்லையாகவோ விரல் துண்டாகவோ நறுக்குங்கள். மெல்லிசாக இருந்தால் அமிலம் சீக்கிரம் உள்ளே இறங்கும். முழுக் காய் வேண்டாம். முள்ளங்கிக்கும் வெள்ளரிக்கும் கொஞ்சம் உப்பு பிசறி ஒரு மணி நேரம் வைத்து, விட்ட தண்ணீரைக் கொட்டிவிட்டால் மொறுமொறுப்பு நிற்கும். அப்படிச் செய்தால் கரைசலில் உப்பைக் குறையுங்கள். பீன்ஸ், கொத்தவரை, காலிஃபிளவரைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுங்கள். பீட்ரூட்டை முக்கால் வேக்காடு வேகவைத்து நறுக்குங்கள்.

பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவி, தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்க வைத்துக் கவிழ்த்து வையுங்கள். மூடியில் துரு இருக்கக் கூடாது.

வினிகர், தண்ணீர், உப்பு, சர்க்கரையை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். அலுமினியம், பித்தளை, செம்புப் பாத்திரம் ஆகாது. புளிப்பு உலோகத்தை அரிக்கும்.

பாட்டிலில் மசாலா, அதன் மேல் காய், அதன் மேல் சூடான கரைசல். பாட்டில் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றுங்கள், சில்லென்று இருந்தால் விரிசல் விடும். காய் முழுக்க மூழ்க வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில்தான் பூஞ்சணம் பிடிக்கும். ஆறியதும் மூடி, அன்றைக்கே ஃப்ரிட்ஜில் வையுங்கள். தேதி எழுதி ஒட்டுங்கள்.

மூன்றாம் நாள் எடுத்துப் பாருங்கள். தயிர் சாதம், பழைய சோறு, கம்பங்கூழ் எதற்கும் தொட்டுக்கொள்ளலாம்.

கவனிக்க வேண்டியவை

ஃப்ரிட்ஜின் கதவில் வைக்காதீர்கள், அடிக்கடி சூடாகும். உள் தட்டில் வையுங்கள். குளிர் 4 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் வரை குளிர் தாங்கும்.

உலர்ந்த சுத்தமான கரண்டியில் எடுங்கள். ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வெள்ளரியை இன்னும் முன்னதாகவே தீர்ப்பது நல்லது, குழைந்துவிடும்.

பூண்டு நீலமாகவோ பச்சையாகவோ மாறினால் பயப்பட வேண்டாம். புளிப்பில் பூண்டு அப்படி நிறம் மாறுவது உண்டு. ஆனால் மூடி உப்பினால், நுரை வந்தால், வழவழப்போ பூஞ்சணமோ தெரிந்தால், மேலாக வழித்துவிட்டு மீதியைச் சாப்பிடாதீர்கள். மாட்டுக்கும் வைக்காமல் மொத்தத்தையும் புதையுங்கள்.

காய் தீர்ந்த பாட்டிலில் மிஞ்சிய கரைசலில் புதுக் காய் போடக் கூடாது. அதன் புளிப்பு ஏற்கெனவே பாதியாகிவிட்டது. வயிற்றுப் புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் அளவாகச் சாப்பிடுங்கள்.

விற்கலாமா?

செய்து பார்த்த எல்லோரும் அடுத்துக் கேட்பது இதுதான். இந்த ஊறலை அங்காடி அலமாரியில் வைத்து விற்க முடியாது. இது வெளியே நிற்கும் பொருள் இல்லை. உங்கள் வீட்டிலிருந்து வாங்குபவர் வீடு வரை குளிர் அறுபடக் கூடாது. வெளியே வைக்கும் ஊறுகாய்க்குப் புளிப்பைச் சோதித்து, பாட்டிலை முறைப்படி சூடுபடுத்தி மூட வேண்டும். அதற்குப் பயிற்சி வேண்டும், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் வேண்டும். குழுவாகச் சேர்ந்து செய்ய நினைப்பவர்கள் அருகிலுள்ள வேளாண் அறிவியல் மையத்தில் பயிற்சி கேளுங்கள். அவசரப்பட்டு விற்ற ஒரு பாட்டில் கெட்டால், கெடுவது ஒருவர் பெயர் மட்டும் இல்லை. இயற்கை விளைபொருள் என்று நம்பி வாங்குகிற எல்லோருடைய நம்பிக்கையும்தான்.

ஒரு வண்டி முள்ளங்கி ஃப்ரிட்ஜில் அடங்காது. கட்டுபடியாகும் விலை என்ற கேள்விக்கு இந்தப் பாட்டில் பதிலும் ஆகாது, அதற்குச் சேர்ந்து நின்று கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் கூடையில் மிஞ்சுகிற இரண்டு கிலோ கோணல் காய் நம்ம தட்டுக்கே திரும்பி வரும். அப்பத்தா இப்போது பழைய சோற்றுக்கு, "அந்த வெள்ளப் பாட்டில எடுத்தாடா" என்கிறார்.