ஆர் அண்ட் பியில் கலந்த தமிழ்: பிரியா ராகுவின் முதல் தொகுப்பு சொல்லும் செய்தி

சுவிட்சர்லாந்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பாடகி பிரியா ராகுவின் முதல் முழு இசைத்தொகுப்பின் பெயர் ‘சந்தோசம்’. 2023 அக்டோபரில் அதனை வெளியிட்டது வார்னர் ரெக்கார்ட்ஸ் என்ற அனைத்துலக நிறுவனம். பின்னால் திரைப்படம் எதுவும் இல்லை. ஆனாலும் தலைப்பு தமிழ். பாடல்களுக்குள்ளும் தமிழ் இருக்கிறது.

‘தமிழ்ப் பாட்டு’ என்றாலே திரைப்பாடல் என்று பழகிவிட்ட நமக்கு இது சற்றுப் புதிது. இத்தகைய இசை எப்படி உருவாகிறது, ஒரு கலைஞருக்கு முதல் தொகுப்பும் அதைத் தொடரும் மேடைப் பயணமும் ஏன் முக்கியம் என்று பார்ப்போம்.

அலுவலக வேலையிலிருந்து மேடைக்கு

பிரியாவின் பெற்றோர் போர்க்காலத்தில் இலங்கையிலிருந்து வெளியேறியவர்கள். தந்தையும் சகோதரரும் வாசிக்க, சிறு வயதிலேயே தமிழர் நிகழ்ச்சிகளில் திரைப்பாடல்களைப் பாடத் தொடங்கினார் பிரியா. மேற்கத்திய இசைக்கு வீட்டில் அவ்வளவாக இடமில்லை. ஆர் அண்ட் பி, ஹிப் ஹாப் இசையை அவர் தாமாகவே தேடிக் கேட்டார்.

விமான நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே பாடல்களை உருவாக்கினார். 2020இல் வந்த ‘குட் லவ் 2.0’, ‘ஃபிஃபா 21’ காணொளி விளையாட்டில் இடம்பெற்றதும் பலரின் கவனம் திரும்பியது. 2021இல் ‘டேம்ஷீஸ்டமில்’ என்ற மிக்ஸ்டேப் வெளிவந்தது. 2022ஆம் ஆண்டுக்காக பிபிசி தேர்ந்தெடுத்த 10 புதிய இசைக்கலைஞர்கள் பட்டியலிலும் அவர் பெயர் இருந்தது.

பாடல்களுக்கு இசை அமைப்பவர் சகோதரர் ‘ஜாஃப்னா கோல்ட்’. யாழ்ப்பாணத்தை அவர் தம் பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கிறார்! தங்கள் இசைக்கு இருவரும் வைத்த பெயர் ‘ராகுவேவி’. எந்த வகையிலும் அடங்காத இசைக்குத் தாங்களே ஒரு வகையை உண்டாக்கிவிட்டார்கள்.

கலப்பது அவ்வளவு எளிதா?

தபேலா ஒலியை எடுத்து மேற்கத்தியத் தாளத்தின்மேல் வைத்தால் கலப்பிசை ஆகிவிடாது. இரண்டு மரபுகளும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே மோதுகின்றன என்று தெரிய வேண்டும்.

ஒத்துப்போகும் இடம் குரல். ஆர் அண்ட் பி பாடகர்கள் ஒரே அசையைப் பல சுரங்களில் ஓடவிடுவார்கள். நம் பாடகர்கள் ஒரு சுரத்தையே அசைத்து, பக்கத்துச் சுரத்தைத் தொட்டுத் திரும்புவார்கள், இதுவே கமகம். முறை வேறு என்றாலும் குரலை வளைத்து அழகுபடுத்தும் ஆசை இரண்டுக்கும் பொது. அதனால்தான் ஆங்கில வரியிலிருந்து தமிழ் வரிக்கு மாறும்போது காதுக்கு உறுத்துவதில்லை.

மோதும் இடம் சுருதி. நம் ராகம் ஒரே ஆதார சுருதியை நம்பி நடக்கிறது. மேற்கத்திய இசையிலோ பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் ‘கார்டு’கள் மாறிக்கொண்டே இருக்கும். தவறான கார்டு ஒன்று வந்தால் ராகத்தின் முகமே மாறிவிடும். இந்தச் சிக்கலுக்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் இளையராஜா. 1986இல் வந்த அவரது ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பு, தியாகராஜரையும் பாக்கையும் ஒரே மேடையில் அமர்த்தியது.

கலப்பு தமிழுக்குப் புதிதும் அல்ல. ஆயர்களின் குரவைக் கூத்தைச் சிலப்பதிகாரம் காப்பியத்துக்குள் கொண்டுவந்தது. காவடி எடுப்போரின் சிந்து மெட்டை அண்ணாமலை ரெட்டியார் இலக்கியமாக்கினார்.

நம் மண்ணின் முன்னோடிகள்

மலேசியாவில் ‘பொயட்டிக் அம்மோ’ குழு 1990களிலேயே ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டனீஸ் எனப் பல மொழிகளில் ராப் பாடியது. அக்குழுவின் யோகி பி, ‘நட்சத்திரா’வுடன் சேர்ந்து 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு தமிழ் ராப் இசையைத் தமிழ்நாட்டுக்கும் கொண்டு சென்றது. அதில் பெரிதும் பேசப்பட்ட ‘மடை திறந்து’, 1980இல் வந்த ‘நிழல்கள்’ படப்பாடலைத் தழுவியது.

அதன் பிறகு யோகி பியைத் திரையிசை அழைத்துக்கொண்டது. ‘பொல்லாதவன்’, ‘ஆடுகளம்’ எனப் படங்கள் தொடர்ந்தன. அது பெருமைதான். ஆனால், சினிமாவுக்குள் போனால்தான் பெயரும் வருமானமும் என்ற நிலை இன்னும் முழுதாக மாறவில்லை.

மேடைப் பயணம் எதற்கு?

இணையத்தில் ஒரு பாடலைக் கேட்பதால் கலைஞருக்குக் கிடைப்பது மிகச் சிறிய தொகை. 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபை உரிமத்தொகை கணக்கிடுவதே இல்லை. ஆகவே நுழைவுச்சீட்டும் அரங்கில் விற்கும் சட்டையும்தான் பல சுயாதீனக் கலைஞர்களுக்கு அடுத்த தொகுப்புக்கான முதலீடு.

மேடை ஒரு சோதனையும்கூட. கணினியில் பல அடுக்குகளாகச் சேர்த்த ஒலியைச் சில வாத்தியக்காரர்களைக் கொண்டு மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டும். அங்குதான் கலப்பு மெய்யா, ஒட்டா என்பது தெரியும்.

இது தமிழிசையா?

பிரியாவின் பாடல்களில் ஆங்கிலமே அதிகம். தமிழ் இடையிடையே வருகிறது. ‘இதைத் தமிழிசை என்று சொல்லலாமா?’ என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான்.

எனினும், நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் பேசுவதும் இப்படித்தான். ஆங்கிலமோ மலாயோ பேசும் நடுவில், ‘அம்மா’, ‘ஐயோ’, ‘சரி’ என்று தமிழ் எட்டிப் பார்க்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் பாடப்புத்தகத்தில் மட்டும் இருக்கிறதா, அவர்கள் விரும்பிக் கேட்கும் பாட்டிலும் இருக்கிறதா என்பது பெரிய வேறுபாடு. பாட்டில் கேட்ட ஒரு சொல்லின் பொருளைப் பிள்ளை வீட்டில் வந்து கேட்டால், அங்கே ஓர் உரையாடல் தொடங்குகிறது.

அடுத்த முறை உள்ளூர்த் தமிழ்க் கலைஞர் ஒருவர் முதல் தொகுப்பை அறிவிக்கும்போது, ஒரு பாடலோடு நிறுத்தாமல் முழுவதையும் வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். சிறிய அரங்கில் நிகழ்ச்சி என்றால், இலவச அனுமதி கேட்காமல் நுழைவுச்சீட்டு வாங்குங்கள். முடிந்தால் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள்.