கோடைக் கிராமங்கள்: 16 பேர் வாழும் ஊரில் வாக்குரிமை யாருக்கு?

எட்மன்டனுக்கு மேற்கே, வாபமுன் ஏரிக்கரையில் பெட்டுலா பீச் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. 2016ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அங்கு வசித்தோர் 16 பேர் மட்டுமே. ஒரு பேருந்தை நிரப்பவும் போதாத அத்தொகையினர் வாழும் இவ்வூருக்குத் தனியான உள்ளூராட்சிச் சபை உண்டு.

இத்தகைய ஊர்களை அல்பேர்ட்டாவின் சட்டம் ‘கோடைக் கிராமம்’ என்று அழைக்கிறது. மாகாணத்தில் ஏறத்தாழ 50 கோடைக் கிராமங்கள் உள்ளன. புதியவற்றை உருவாக்க இப்போதைய சட்டம் இடமளிப்பதில்லை. அங்குள்ள வீடுகளில் பல, நகரவாசிகளின் விடுமுறை இல்லங்கள். குடிசன மதிப்பீடோ ஒருவரை அவர் வழமையாக வசிக்கும் இடத்திலேயே கணக்கிடுகிறது. அதுவும் மே மாதத்தில், கோடை தொடங்குமுன் நடைபெறுகிறது. ஆகவே யூலையில் ஏரிக்கரையை நிறைக்கும் மக்கள் அவ்வூரின் எண்ணிக்கையில் இடம்பெறுவதில்லை.

வரிப் பொறுப்பு இதற்கு மாறானது. உரிமையாளர் எங்கு வசித்தாலும் அவ்வீட்டுக்கான சொத்துவரியைச் செலுத்தியாக வேண்டும். இதனாற்போலும், கோடைக் கிராமத் தேர்தலில் அங்கு வசிப்போருடன் சொத்துரிமையாளருக்கும் வாக்குரிமை உண்டு. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, உரிமையாளர்கள் வந்து தங்கும் கோடைக்காலத்திலேயே தேர்தல் நடைபெறுகிறது. தெரிவாகும் மூன்று உறுப்பினர்கள் தம்முள் ஒருவரைத் தலைவராக நியமிப்பர். எட்மன்டனில் வசிக்கும் உரிமையாளர் அங்கும் வாக்களிக்கலாம். ஒக்டோபரில் நடைபெறும் தமது மாநகரத் தேர்தலிலும் வாக்களிக்கலாம்.

உறவினர்கள் பணம் சேர்த்து ஏரிக்கரை வீடு வாங்கும்போது கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. அங்கு வசிக்காதவருக்கு வாக்குரிமையைத் தருவது செலுத்திய பணமன்று. காணி உரிமைச் சான்றிதழில் உள்ள பெயரே. பெயர் பதியப்பட்டவரும் அவருடைய வாழ்க்கைத் துணையும், 18 வயது நிரம்பிய கனடியக் குடிமக்களாயின், வாக்களிக்கலாம். பெயர் சேர்க்கப்படாத தம்பியோ, வளர்ந்த மகளோ, பணத்தில் பாதியைக் கொடுத்திருந்தாலும் அவ்வுரிமையைப் பெறார். நிரந்தர வதிவுரிமை மட்டும் உடையோர் வரி செலுத்துவர், வாக்களிக்க இயலாது. பத்திரம் எழுதப்படும் முன்னரே யார் யாருடைய பெயர்கள் இடம்பெறும் என்பதைச் சட்டத்தரணியிடம் கேட்டறிதல் நன்று.

விடுமுறை இல்லத்துக்குக் குடிசன மதிப்பீட்டுப் படிவம் வருமாயின், அங்கு எவரும் வழமையாக வசிப்பதில்லை எனக் குறிப்பிட வேண்டும். குடும்பத்தினரின் விபரங்கள் நகர வீட்டுக்குரிய படிவத்திலேயே இடம்பெற வேண்டும்.